முன்பக்கம் திறக்கிற துணி

என் மகளை முதன்முதலாக நெஞ்சில் போட்டுக்கொண்டபோது நான் உடுத்தியிருந்தது என் புருஷனுடைய சட்டை. நீல நிறம், அரைக்கை, பாக்கெட்டுக்குக் கீழே கிரீஸ் கறை. என் வீட்டுக்காரர் கதிர்வேல் கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து ஐஸ் ஏற்றிப் போகிற மினி லாரி ஓட்டுகிறார். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் சட்டையில் மீன் வாடை கொஞ்சம் மிச்சம் இருக்கும். "முதுநகர்ப் பொண்ணுதானே சிஸ்டர், பழகட்டும்" என்றேன். மாலதி சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இன்னொரு தடவை சுடுதண்ணீரில் அலசிக் காயவைத்துப் போட்டுக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

நாட்டில் நைட்டிக்கா பஞ்சம்? சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு வீதியும் சுற்றிப் பாருங்கள். கடைக்குக் கடை வாசலில் நைட்டிதான் தொங்கும். பால் கொடுப்பவர்களுக்கென்றே தைத்த நைட்டி அதில் பாதி இருக்கும். அவ்வளவு இருந்தும் நான் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் மாமியார் தங்கம்மாள்.

அத்தை கெட்டவள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் அவளை அடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். எனக்குப் பிறந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். அங்கே அப்பா மட்டும்தான். அம்மா நான் படிக்கிற காலத்திலேயே போய்விட்டாள். அதனால் பிறந்த வீட்டில் நடக்க வேண்டிய தலைப்பிரசவத்தை அத்தையே தலையில் போட்டுக்கொண்டாள். வாய்க்கு ருசியாக எது கேட்டாலும் வரும். நள்ளிரவில் கால் பிடித்துக்கொண்டால் எண்ணெய் தேய்த்துவிடுவாள். ஒன்றே ஒன்றுதான் கூடாது. பிள்ளை பிறந்து வீட்டு வாசற்படி ஏறுகிற வரைக்கும் அதற்கென்று ஒரு நூல்கூட வாங்கக் கூடாது. பிறந்ததும் சுற்றுவதற்குப் பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து வைத்திருந்தாள். அதோடு சரி.

ஏழாம் மாதம் ஸ்கேன் எடுக்கச் சிதம்பரம் வந்த அன்று, கீழ வீதியில் ஒரு கடையில் அந்த நைட்டியைப் பார்த்தேன். காப்பிப் பொடி நிறத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. நல்ல பருத்தி. நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் மடிப்புக்குள்ளே ஜிப் மறைந்திருந்தது. கடைப் பெண் ஒரு கையாலேயே ஜிப்பை இறக்கிக் காட்டினாள். "இன்னொரு கையில பாப்பா இருக்கும்ல அக்கா, அதான் பாத்து வாங்கணும்" என்றாள். வெளிர் நிறம் வேண்டாம், பால் கசிந்தால் ஊருக்கே தெரியும் என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். அத்தை வந்து அதைப் பிடுங்கினாள்.

"அத்தை, புள்ளைக்கு எதுவும் வாங்கக் கூடாதுன்னீங்க, சரின்னுட்டேன். இது எனக்கு."

"இன்னாத்துக்கு இது?"

"பால் குடுக்கறதுக்கு."

"யாருக்கு?"

என் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"அப்ப புள்ளைக்கு வாங்கறதுதான். வெச்சிட்டு வா."

கடைப் பெண் முன்னால் எனக்கு அவமானமாக இருந்தது. பஸ்ஸில் முதுநகர் வரும்வரை நான் அத்தையோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஆனால் ஆலப்பாக்கம் தாண்டும்போது வேர்க்கடலை வாங்கி உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

வளைகாப்பு முடிந்து வளையல் கையோடு இருந்தபோதே வலி வந்துவிட்டது. பனிக்குடம் உடைந்து, சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண். கதிர்வேல் கையை நீட்டினால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைதான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பெட்டியில் 'இளமதி குழந்தை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். பெயரும் வீட்டுக்கு வந்த பிறகுதான் என்று அத்தை சொல்லியிருந்ததால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

பாப்பா ஓரளவு தேறியதும் மாலதி சிஸ்டர் என்னை அழைத்தார். குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் அவர். குரல் எப்போதும் ஏறாது.

"பாப்பாவ இனிமே தெனமும் உங்க நெஞ்சு மேல போடப் போறோம். தோலோட தோல் ஒட்டிப் படுக்கணும். உங்க சூடுதான் அதுக்கு மருந்து. அதுக்கு முன்பக்கம் முழுசா தெறக்கிற துணி வேணும். புடவை வேணாம், கொசுவம் தையல் மேல உக்காரும். தலை வழியா மாட்டுற நைட்டி வேணவே வேணாம். ஜிப்போ பட்டனோ வெச்சதா ரெண்டு எடுத்துட்டு வாங்க."

பிறகு என் கழுத்தைப் பார்த்தார். எல்லாப் பெண்களையும் போல நானும் தாலிக்கொடியில் ஊக்குகள் கோத்து வைத்திருந்தேன். "இதத் திருப்பி முதுகுப் பக்கம் போட்டுக்கோங்க. ஊக்கு குத்தும்."

வாசலில் நின்ற அத்தைக்கு இது காதில் விழுந்துவிட்டது. "தாலிய முதுகுல போடறதா? புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கறப்பவா?" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

"அவரு நிக்கட்டும்மா. தாலி கொஞ்ச நேரம் பின்னாடி இருக்கட்டும்" என்று சிஸ்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என்னிடம் இருந்ததெல்லாம் தலைவழி மாட்டுகிற நைட்டிகள். பால் பீய்ச்ச வேண்டுமென்றால் கீழேயிருந்து கழுத்துவரை சுருட்டித் தூக்க வேண்டும். ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒரு கையால் நைட்டியைப் பிடித்து, இன்னொரு கையால் கிண்ணத்தில் பீய்ச்ச வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தச் சர்க்கஸ். தையல் விண்விண்ணென்று இழுக்கும்.

"மாமா, கீழ வீதிக்குப் போயி ரெண்டு நைட்டி வாங்கிட்டு வாங்க" என்று கதிர்வேலிடம் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அத்தை தலையை ஆட்டினாள். "வீட்டுக்கு வரட்டும், பத்து வாங்கித் தரேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், சுவரில் மாட்டியிருந்த குளுக்கோஸ் கம்பியைப் பிடுங்கி அடித்திருப்பேன். எழுந்து நிற்கத் தெம்பில்லை.

கதிர்வேல் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அங்கே வைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். அவருக்கு முன்னால் அத்தைக்கு ஒரு பெண் பிறந்திருக்கிறது. ஆசை ஆசையாகக் கையாலேயே சட்டை தைத்துப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாளாம். ஒரு சட்டையைக்கூடப் போட்டுப் பார்க்காமல் அது போய்விட்டது. "அதுலேந்து அம்மாவுக்குத் துணின்னாலே பயம். என்னைய பெத்தப்பகூடப் பழந்துணிதான். நான் பொழச்சிட்டேன்ல, அதான் இன்னும் கெட்டியா புடிச்சிகிட்டுது." சொல்லிவிட்டு, போட்டிருந்த சட்டையைக் கழற்றினார். உள்ளே பனியனோடு நின்றார். "இது முன்னாடி தெறக்குது. புதுசும் இல்ல. அம்மா ஒண்ணும் சொல்ல முடியாது."

அப்படித்தான் அந்த நீலச் சட்டை எனக்கு வந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் நடவுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் புடவைக்கு மேலே புருஷன் சட்டையைத்தான் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார்கள். எனக்கு அது புதிதில்லை. கீழே ஒரு பாவாடை, மேலே சட்டை, தாலி முதுகில். பட்டனைத் திறந்து சாய்ந்து உட்கார்ந்தேன். சிஸ்டர் அவளை எடுத்து என் நெஞ்சுக்கு நடுவே வைத்து, சட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்து அவள் முதுகில் மூடினார். கன்னத்தை என் தோலில் ஒட்டிக்கொண்டு அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய மூச்சு எங்கே இருந்ததோ. நான் சத்தமில்லாமல் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பக்கத்து நாற்காலியில் பிரிசில்லா இருந்தாள். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் மகனும் கண்ணாடிப் பெட்டிக்காரன்தான். அவள் வயிற்றில் பிள்ளை தங்கிய அன்றிலிருந்தே ஆன்லைனில் வாங்கிக் குவித்தவள். தினம் ஒரு குர்தி போடுவாள். ஒன்றுக்கு நெஞ்சில் மடிப்பு, ஒன்றுக்குத் தோளில் பட்டன், ஒன்று எங்கே திறக்கிறது என்றே தெரியாது. இத்தனை இருந்தும் அவளுக்குப் பால் ஊறவில்லை. எத்தனை பீய்ச்சினாலும் கிண்ணத்தின் அடிதான் நனையும். எனக்கோ சட்டைப் பாக்கெட் வரை நனைந்துவிடும்.

"உனக்குப் பால் இருக்கு, துணி இல்ல. எனக்குத் துணி இருக்கு, பால் இல்ல" என்று ஒரு நாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வங்கிப் பால் இருக்கிறது, கவலைப்படாதே என்று சிஸ்டர் அவளைத் தட்டிக்கொடுத்தார். பால் மிகுந்திருக்கிற தாய்மார்கள் கொடுப்பதைச் சேர்த்துக் காய்ச்சி வைத்து, இல்லாத குழந்தைகளுக்குக் கொடுக்கிற அறை அந்த வராந்தாவின் கோடியில் இருந்தது.

என் மகள் எடை ஏறத் தொடங்கினாள். முதலில் குழாய் வழியாகக் குடித்தவள், பிறகு பாலாடையில் குடித்தாள். ஒரு நாள் வாயைக் கோணிக்கொண்டு நெஞ்சைத் தேடினாள். அத்தை தினமும் முதுநகரிலிருந்து பஸ் ஏறி ரசம் சாதம் கொண்டுவருவாள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். மகனுடைய சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை மட்டும் தெரியும். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பாள்.

"இப்படியே போனா சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்று டாக்டர் சொன்ன அன்று, கதிர்வேல் சிரித்த சிரிப்பில் கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. அத்தை எங்கேயோ காணாமல் போய்விட்டாள். கோயிலுக்குப் போனேன் என்று வந்து சொன்னாள். நெற்றியில் விபூதியும் இருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு நாள் காலையில் அவள் பால் குடிக்கவில்லை. உடம்பு ஜில்லிட்டது. கிருமி என்றார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படி வந்துவிடுவது உண்டு, யார் மேலும் தப்பில்லை, எல்லாம் செய்துகொண்டிருக்கிறோம் என்று டாக்டர் சொன்னார். செய்தார்கள், நான் பார்த்தேன். அவளை மறுபடி பெட்டிக்குள் வைத்து, மூக்கிலும் காலிலும் குழாய் போட்டு, யாரும் தொடக் கூடாது என்றார்கள். தொட முடியாத எனக்கு ஒரே வேலைதான் இருந்தது. குடிப்பாளோ மாட்டாளோ, நேரத்துக்குப் பீய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கும் கிண்ணம் நிறையக் கொண்டு போனேன். மாலதி சிஸ்டர் கதவுக்கு வெளியே வந்து நின்றார். என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி மெதுவாக மேசை மேல் வைத்தார். உள்ளே கொண்டுபோகவில்லை. அவர் எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டு என்னிடம் கொடுத்தார்கள். கடைசியாக ஒரு தடவை சட்டையைத் திறந்து உள்ளே போட்டுக்கொண்டேன். என் சூடுதான் மருந்து என்று சொன்னார்களே. எவ்வளவு நேரம் வைத்திருந்தும் அவள் சூடாகவில்லை.

கதிர்வேலும் அவருடைய மச்சான் அறிவழகனும் முதுநகருக்குக் கொண்டுபோய்ப் புதைப்பதாக முடிவாயிற்று. சுற்றுவதற்குத் துணி கேட்டார்கள். நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். கதிர்வேல் அதில் அவளைச் சுற்றினார். அவருக்கு எப்படிச் சுற்றுவதென்று தெரியவில்லை. அரைக்கையை ஒரு பக்கம் மடித்து, இன்னொரு பக்கம் மடித்து, பட்டனைப் போட்டார். மேல்பட்டன் வரைக்கும் எல்லாவற்றையும் போட்டார். பிறகு நெஞ்சோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பெண்கள் போகிற வழக்கம் இல்லை. சாயங்காலம் வந்து எங்களை அழைத்துப் போகிறேன் என்று அறிவழகன் சொல்லிவிட்டுப் போனான்.

தாய்மார்கள் தங்கும் அறையில் நானும் அத்தையும் உட்கார்ந்திருந்தோம். நான் பழைய கழுத்து மூடிய நைட்டிக்கு மாறியிருந்தேன். பிள்ளை போனது மனதுக்குத்தான் தெரியும். உடம்புக்கு அதை யார் போய்ச் சொல்வது? நேரமானதும் பால் சுரந்துவிட்டது. நெஞ்சு இரண்டும் கல்லாகி, நைட்டி நனைந்து வயிறு வரை ஒட்டியது. கையைத் தூக்க முடியவில்லை.

மாலதி சிஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நிறுத்தறதுக்கு வழி இருக்கும்மா. டாக்டர் சொல்லுவாரு. வங்கிக்குக் குடுக்கணும்னாலும் குடுக்கலாம். குடுத்தே ஆகணும்னு இல்ல. இப்பவே சொல்லவும் வேணாம்." சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

"மல்லிப்பூவ நெஞ்சில வெச்சிக் கட்டினா பால் வத்திடும்" என்று அத்தை எழுந்தாள். அவள் காலத்தில் அப்படித்தான் செய்திருக்கிறாள். அவள் நெஞ்சிலும் கட்டியிருப்பார்கள். பூ வாங்கிவரக் கீழ வீதிக்குப் போனாள். வளைகாப்பு அன்று என் தலையில் கனக்கக் கனக்க வைத்தார்களே, அதே பூ.

துடைத்துக்கொள்ளத் துண்டு தேடி அத்தையின் கட்டைப்பையைத் திறந்தேன். சோற்றுத் தூக்குக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. இழுத்தேன். காப்பிப் பொடி நிறம். சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அன்று என் கையிலிருந்து பிடுங்கி வைத்த அதே நைட்டி, ஒன்றல்ல, இரண்டு.

அத்தை இலைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தவள், என் மடியில் இருப்பதைப் பார்த்துவிட்டாள். பொட்டலம் கையிலிருந்து விழவில்லை, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கு அனுப்பிடலாம்னு டாக்டர் சொன்னாருல்ல, அன்னிக்கிப் போனேன். வெறும் சட்டையோட புள்ளைய ஊருக்குத் தூக்கிட்டு வருவியேன்னு போனேன். அந்தக் கடைதானான்னு தேடி, அதே பூவுதான் வேணும்னு கேட்டு வாங்கினேன். வாசப்படி ஏறலியே. ஏறறதுக்கு முன்னாடியே வாங்கிட்டேனே. நான்தான்டி கொன்னுட்டேன்."

எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. கடையில் பட்ட அவமானம், பல்லில் கடித்த துண்டு, இழுத்த தையல் எல்லாம் ஒன்றாக வந்தது. இதையே நான் வாங்கியிருந்தால்? ஆயுசுக்கும் என் தலையில்தானே பழி விழுந்திருக்கும்? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அந்த இடத்திலேயே முடிந்துபோவாள். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று நைட்டியைப் பார்த்தேன். கழுத்தோரத்தில் உள்பக்கமாக ஒரு மஞ்சள் தடம் இருந்தது. இன்னொன்றைப் பிரித்தேன். அதிலும் இருந்தது.

புதுத்துணி உடுத்துவதற்கு முன்னால் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்போமே, அது. எனக்காக முன்கூட்டியே வைத்து, காயவைத்து, மடித்திருக்கிறாள். ஒரு நூல் வாங்கப் பயந்தவள், நாங்கள் படியேறப் போகிறோம் என்று அவ்வளவு நிச்சயமாக நம்பியிருக்கிறாள். என்னைவிட அதிகமாக நம்பியிருக்கிறாள்.

"அத்தை" என்றேன். "பிரிசில்லா புள்ளை உள்ளதான் இருக்குது. அவ புள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே கடைய வீட்டுக்குக் கொண்டாந்தவ. அது நல்லா மூச்சு விட்டுகிட்டுதான் இருக்குது."

அவள் நிமிரவில்லை.

"உங்க மொதப் பொண்ணும் சட்டையால போவல. நம்ம பொண்ணும் நைட்டியால போவல. போயிடுச்சி, அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். அவள் அழுத சத்தத்தில் பக்கத்து அறைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். எத்தனை வருஷத்து அழுகையோ அது.

பிறகு நான் ஈர நைட்டியைக் கழற்ற முயன்றேன். தோளுக்கு மேல் கை போகவில்லை. "இதக் கழட்டி அதப் போட்டு விடுங்க. அந்தக் கோடி ரூமுக்குப் போறேன்."

"பூவு வாங்கியாந்தனே."

"நாளைக்குக் கட்டிக்கறேன். இன்னிக்கி வந்தது வந்துடுச்சி, தரையில ஊத்த எனக்கு மனசு இல்ல. யாராவது குடிக்கட்டும்."

அத்தை எழுந்து வந்தாள். ஈரத் துணியைத் தலை வழியாக உருவினாள். நெஞ்சைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். விலைச்சீட்டு தொங்கிய நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, புது நைட்டியை எனக்கு மாட்டிவிட்டாள். ஜிப் ஒரே இழுப்பில் இறங்கியது. கடைப் பெண் பொய் சொல்லவில்லை.

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினேன். "இரு" என்றாள் அத்தை. கிட்டே வந்து, என் நெஞ்சில் தொங்கிய தாலியை எடுத்து, கொடியைக் கழுத்தோடு மெதுவாகத் திருப்பி, முதுகுப் பக்கம் போட்டாள்.

"ஊக்கு குத்தும்" என்றாள்.